புதுமைப் பெண் திட்டம்: ஒரு தாயின் மதிப்பீடு

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய், நேராக அவர்கள் வங்கிக் கணக்கில். 2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் என் மகளும் இருக்கிறாள். பி.எஸ்சி. இயற்பியல். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம் எதற்கும் இப்போது அவள் அப்பாவின் சம்பள நாளுக்குக் காத்திருப்பதில்லை. கல்யாணப் பேச்சு எடுத்த உறவினர்களும் "படிப்பு முடியட்டும்" என்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஆனால் பணம் மட்டும் போதாது. தமிழ்வழியில் படித்தவள், முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடங்களைப் பார்த்து மிரண்டுபோனாள். சீனியர் ஒருத்தி மாலையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால்தான் தேறினாள். அந்த உதவியும் திட்டத்தோடு வர வேண்டும். அப்புறம், ஆதாரை வங்கிக் கணக்கோடு முதலிலேயே இணைத்துவிடுங்கள்.