குளிர்காலத் தீயா, மின்னல் காலத் தீயா?

வர்ஜீனியாவிலிருந்து டெக்சஸ் வரை, அமெரிக்காவின் தென்கிழக்கில் ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் லாங்லீஃப் பைன் சவன்னா, அதாவது நீண்ட ஊசியிலை கொண்ட பைன் மரங்கள் இடைவிட்டு நிற்கும் புல்வெளிக் காடு, பரந்து கிடந்தது. இன்று தேறுவது 50 லட்சம் ஏக்கர் போல. அகலிலை மரங்கள் வளர்ந்து புல்லை நிழலால் மூடிவிடாமல் அதைக் காப்பாற்ற, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தீ வைத்தே ஆக வேண்டும். இதில் யாருக்கும் சண்டை இல்லை. எந்த மாதத்தில் வைப்பது என்பதில்தான் சண்டை.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை வைக்கும் குளிர்காலத் தீ பழகிய வழி. காடை வேட்டைக்காக வைத்திருந்த பெரிய எஸ்டேட்டுகளில் வேரூன்றிய பழக்கம் அது. பறவை கூடு கட்டும் முன்பே எரித்து முடித்துவிடலாம், காற்றும் ஒரே திசையில் வீசும். பைன் ஊசியிலை சுமார் 60 டிகிரி செல்சியஸில் செத்துப்போகும். காற்றே 10 டிகிரியில் இருக்கும் நாளில் மரத்தின் உச்சி தப்பிப்பது எளிது, 33 டிகிரியில் அப்படி இல்லை.

ஏப்ரல் முதல் ஜூலை வரை வைப்பது மின்னல் காலத் தீ. மனிதன் கை வைப்பதற்கு முன் இடிமின்னல் இந்தக் காட்டை எரித்த பருவம் இதுதான். செடிகளும் அதற்கே பழகியிருக்கின்றன. வயர்கிராஸ் என்ற புல்லைப் பாருங்கள். ஜனவரியில் எரிந்த தூரில் சில வாரங்களிலேயே பச்சை எட்டிப் பார்க்கும், ஆனால் பூங்கதிர் அபூர்வம். அதே தூர் மே கடைசியில் எரிந்தால், இலையுதிர் காலத்தில் தரையெங்கும் கதிர்கள் நிற்கும். காட்டை மீட்க விதை சேகரிப்பவர்கள் இதை வைத்துத்தான் எரிக்கும் மாதத்தையே முடிவு செய்கிறார்கள். ஃபுளோரிடாவின் செயின்ட் மார்க்ஸ் சரணாலயத்தில் நடந்த ஆய்விலும், செடிகள் வளரும் பருவத்தில் எரிந்த இடங்களில் ஒவ்வொரு இனச் செடியும் கூட்டமாக ஒரே நேரத்தில் பூத்தது தெரியவந்தது. மகரந்தம் கைமாற இதைவிட என்ன வேண்டும்?

புல்லை நிழலால் மூடும் ஓக், ஸ்வீட்கம் போன்ற அகலிலை மரங்களின் கதை வேறு. குளிர்காலத்தில் அவற்றின் மாவுச்சத்து வேரில் பத்திரமாக இருக்கும். மேலே எரித்தால் அடியிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். தளிர்விட்டுச் சேமிப்பைச் செலவழித்த கையோடு எரித்தால்தான் வலிக்கும். தென் கரோலினாவின் சான்டீ பகுதியில் 1946-இல் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் எரித்துப் பார்த்தார்கள். வருடா வருடம் கோடையில் எரித்த நிலத்துண்டுகளில் இந்த மரங்கள் ஏறக்குறைய ஒழிந்தன. வருடா வருடம் குளிர்காலத்தில் எரித்தவற்றில் துளிர்த்துக்கொண்டே இருந்தன. ஆனால் நிஜத்தில் யார் வருடா வருடம் கோடையில் எரிக்கிறார்கள்? இடைவெளி கூடினால் இந்த வித்தியாசம் மங்கிவிடும்.

சரி, மின்னல் காலம்தான் எல்லாவற்றுக்கும் மருந்தா என்றால், இல்லை. சில பயறு வகைச் செடிகள் கோடையில் எரிந்தால் அந்த வருடம் பூக்காமலே போகலாம். புல் போலத் தரையில் குந்தியிருக்கும் இளம் பைன் எந்தப் பருவத் தீயையும் பெரும்பாலும் தாங்கும். குருத்து நீண்டு எழும் வசந்தத்தில்தான் அதற்கு ஆபத்து. ஊசியிலைகளில் வரும் பழுப்புப் புள்ளி நோயை அடக்கக் குளிர்காலத் தீ நன்றாகவே உதவும். ஆனால் அக்டோபர், நவம்பரில் விதை கொட்டிச் சில வாரங்களில் முளைத்துவிடும் என்பதால், விளைச்சல் நல்ல வருடத்தில் அந்தக் குளிர்காலம் எரிக்கக்கூடாது.

பூச்செடிகளும் புல்லும் முக்கியம் என்றால் என் ஓட்டு மின்னல் காலத்துக்கே. ஒரே நிபந்தனை: பல வருடம் எரியாத காடாக இருந்தால் முதல் தீயைக் குளிர்காலத்தில், சருகு மெத்தையின் அடி ஈரமாக இருக்கும்போது வையுங்கள். அந்த மெத்தைக்குள் கிழமரத்தின் மெல்லிய வேர்கள் ஓடுகின்றன. அது காய்ந்து புகைந்தால், மேலே பச்சையாக நிற்கும் மரம் பிறகு பட்டுப்போகும். அப்புறம், ஜூனில் வறட்சியோ நெடுஞ்சாலைப் புகைப் பிரச்சினையோ வந்து தீ தள்ளிப்போனால், அடுத்த ஜூன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். வரும் ஜனவரியிலேயே எரித்துவிடுங்கள். தவறிய மாதத்தைவிடத் தவறிய தீதான் இந்தப் புல்வெளிக்கு அதிகக் கேடு.