என்கிளெக்ஸ்: பயிற்சி வகுப்பா, வினா வங்கியா?

அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸுக்குத் தயாராகும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவே தவிக்கிறார்கள்.

செலவு: வகுப்புக்குக் கட்டணம் அதிகம்; இணையப் பயிற்சி வினாக்களின் தொகுப்பான வினா வங்கிக்குச் சந்தா மட்டும்தான்.

நேரம்: வகுப்பு உங்கள் ஷிப்டுக்காகக் காத்திருக்காது, வினா வங்கியைப் பஸ்ஸிலும் திறக்கலாம்.

பயன்: உண்மையான வேறுபாடு இதில்தான். தேர்வில் உங்கள் விடையைப் பொறுத்துக் கணினி அடுத்த வினாவைத் தேர்ந்தெடுக்கும். 85 முதல் 150 வினாக்கள், 5 மணி நேரம். ‘யாரை முதலில் பார்ப்பீர்கள்?’ என்ற வகை வினாக்களே திணறடிக்கும். வலியில் கத்துபவரைவிட, சத்தமின்றி மூச்சுக்குத் தவிப்பவரே முதலில். அந்தத் தெளிவு, வினா வங்கியில் தவறான விடை ஏன் தவறு என்று அன்றாடம் படித்தால்தான் வரும்.

படித்து முடித்துப் பல ஆண்டுகளாகி மருந்தியல் மறந்தவர்கள் வகுப்பில் சேரலாம். அடிப்படை உறுதியாக உள்ளவர்களுக்கு வினா வங்கியே போதும்.