1978-இன் இரண்டு குருகுலங்கள்: ஷாவ்லின் மடமும் குடிகார வாத்தியாரும்

முழங்கை கொஞ்சம் தாழ்ந்தால் போதும், விலாவில் கத்தி குத்தும். புஜத்தோடு சேர்த்துக் கட்டிய கத்தி, முனை உடம்பைப் பார்த்தபடி இருக்கிறது. அதனால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டியபடியே வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும். மேலே போய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு இறங்கி, மறுபடி மொண்டுகொண்டு ஏற வேண்டும். ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’ படத்தில் கோர்டன் லியு இதைச் செய்யும்போது பார்ப்பவருடைய தோளும் வலிக்கும். நம்பாதவர்கள் வீட்டில் இரண்டு வாளியில் கால்வாசித் தண்ணீர் பிடித்து, கையைத் தோள்மட்டத்துக்கு நீட்டிப் பார்க்கலாம். இருபது எண்ணுவதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

இன்னொரு படத்தில் ஒரு பையன் கால்களை மேலே மாட்டித் தலைகீழாகத் தொங்குகிறான். கால்மாட்டில் ஒரு காலி வாளி, தலைக்குக் கீழே நிறைந்த வாளி, கையில் இரண்டு சின்னக் கிண்ணங்கள். கீழே மொண்டு, வயிற்றை மடித்து எழுந்து, மேலே ஊற்ற வேண்டும். கிண்ணத்தில் எவ்வளவு பிடிக்கும் என்பதும் வாளி எவ்வளவு பெரிது என்பதும் நமக்குத் தெரிகிறது. எத்தனை தடவை எழ வேண்டியிருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது. இது ‘ட்ரங்கன் மாஸ்டர்’. பையன் ஜாக்கி சான்.

இரண்டும் 1978-இல் ஹாங்காங்கில் வெளியானவை. முதலாவது ஆண்டின் தொடக்கத்தில் வந்தது, இரண்டாவது அக்டோபரில். பழைய குங்ஃபூ படங்களை எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டையும்தான் சொல்கிறேன். எதை முதலில் பார்ப்பது, எது மேல் என்பதில் எனக்குத் தெளிவான முடிவு உண்டு. ஆனால் அதற்கு முன்னால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

புரூஸ் லீயை ஏன் சொல்லவில்லை?

குங்ஃபூ என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். ‘வே ஆஃப் தி டிராகன்’ (1972) படத்தின் ரோம் கொலோசியச் சண்டையை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. எதிராளியாக வரும் அமெரிக்கக் கராத்தே வீரர் சக் நாரிஸிடம் முதலில் அடிவாங்குகிறார் லீ. பிறகு ஆட்டத்தையே மாற்றுகிறார். நின்ற இடத்தில் குதித்து, தாளத்தைக் கலைத்து, எதிராளி எட்ட முடியாத தூரத்தில் இருந்துகொண்டு அடிக்கிறார். கடைசியில் எதிராளி இறந்ததும் அவனுடைய சட்டையையும் பெல்ட்டையும் கொண்டுவந்து உடலின் மேல் வைக்கிறார். பழைய குங்ஃபூ படங்களில் இதைவிடக் கண்ணியமான முடிவு கொண்ட சண்டையை நான் பார்த்ததில்லை.

ஆனால் லீயின் படங்களில் அவர் வரும்போதே எல்லாம் கற்று முடித்தவராக வருகிறார். அந்த உடம்பு எப்படி அப்படி ஆனது என்பதைப் படம் காட்டுவதில்லை. மின்னலைப் பார்த்து வியக்கலாம், கற்றுக்கொள்ள முடியாது. 1973 ஜூலை 20 அன்று, 32 வயதில் அவர் இறந்தபோது ஹாங்காங் சினிமா தவித்துப்போனது. அவரைப் போன்ற முகங்களைத் தேடி, அவர் பெயரை ஒட்டிய பெயர்களை வைத்து, வரிசையாகப் படங்கள் வந்தன. ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’யை இயக்கிய லோ வெய், ஜாக்கி சானை அடுத்த புரூஸ் லீ ஆக்கப் பார்த்து 1976-இல் ‘நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ எடுத்தார். எடுபடவில்லை. சிரிக்கத் தெரிந்த முகத்தில் கோபத்தை ஒட்டவைத்தால் அது நிற்காது.

அந்தத் தவிப்பிலிருந்து ஹாங்காங் மீண்டது 1978-இல்தான் என்று நினைக்கிறேன். இரண்டு படங்களுமே லீ காட்டாமல் விட்ட பகுதியைக் கையில் எடுத்தன. கற்றுக்கொள்வதுதான் இரண்டிலும் கதை.

ஒரே படவரிசையிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள்

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தென்சீனாவின் கான்டன் பகுதியில் வாழ்ந்த வைத்தியரும் குங்ஃபூ ஆசானுமான வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர் லாம் சாய்-விங். அவருடைய சீடர் லாவ் சாம். லாவ் சாமின் மகன்தான் ‘36த் சேம்பர்’ இயக்குநர் லாவ் கார்-லியங். கதாநாயகன் கோர்டன் லியு, லாவ் சாமிடமே ஹுங் கார் என்ற தென்சீனக் குங்ஃபூ முறையைப் படித்து, அந்தக் குடும்பத்தின் வளர்ப்புப் பிள்ளையானவர். ஆக, படத்துக்குள் வரும் குரு–சீட உறவு படத்துக்கு வெளியேயும் இருந்தது.

வோங் ஃபெய்-ஹுங்கை நாயகனாக வைத்து 1949-இலிருந்து க்வான் டாக்-ஹிங் நடித்த படங்கள் எழுபதுக்கும் மேல். அவற்றில் லாவ் சாம் நடித்தார். அதே வரிசையில் சண்டைக் காட்சிகளை அமைத்தவர்களில் ஒருவர் யுவென் சியூ-டியென். இவருடைய மகன் யுவென் வூ-பிங்தான் ‘ட்ரங்கன் மாஸ்டர்’ இயக்குநர். அதில் குடிகார வாத்தியார் சோவாக வருபவர் சாட்சாத் அப்பா யுவென் சியூ-டியெனே. ஒரே படவரிசையில் வேலை பார்த்த இரண்டு தகப்பன்மார்களின் பிள்ளைகள், ஒரே ஆண்டில், ஆளுக்கொரு குருகுலக் கதை எடுத்தார்கள்.

இரண்டு வீட்டுப் பாடமும் வேறு வேறு. லாவ் வீட்டில் தென்சீனக் குத்துமுறை. காலை அகட்டி ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, முன்கையில் பலத்தை ஏற்றும் முறை அது. ‘36த் சேம்பர்’ டைட்டில் ஓடும்போது கோர்டன் லியு முன்கைகளில் இரும்பு வளையங்களை மாட்டிக்கொண்டு செய்துகாட்டுகிறாரே, அது ஹுங் கார் பயிற்சிதான். ஜாக்கி வந்தது பீகிங் ஓப்பரா என்ற சீன மேடைக்கூத்தைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியிலிருந்து. சிறுவனாகச் சேர்ந்து சுமார் பத்து ஆண்டுகள் ஆசான் யு ஜிம்-யுவெனிடம் கர்ணமும் கம்பும் பாட்டும் முகபாவமும் கற்றவர். லாவ் வீட்டுக்காரர்கள் மண்ணில் வேர்விட்டு நிற்பார்கள், ஓப்பராப் பள்ளிப் பிள்ளைகள் மண்ணில் காலே பாவாமல் பறப்பார்கள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கால்களை மட்டும் கவனியுங்கள்.

ஷாவ்லின் என்றதும் நம்மவர்களுக்குப் போதிதர்மர் நினைவு வந்துவிடும். அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு இருப்பது உண்மை. ஆனால் சண்டைக் கலையோடு அவரைச் சேர்க்கும் பேச்சு 17-ஆம் நூற்றாண்டு நூலொன்றை ஒட்டி வளர்ந்தது. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை.

மடத்தில் படிப்பு

‘36த் சேம்பர்’ கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அன்று சீனாவை ஆண்ட மஞ்சுக்களின் கொடுமையில் சொந்தக்காரர்களை இழந்த மாணவன் ஷாவ்லின் மடத்துக்குத் தப்பி ஓடுகிறான். சான் டே என்ற பெயரில் துறவியாகி, 35 அறைகளில் பயிற்சி பெற்றுத் திரும்பி வந்து பழிவாங்குகிறான். பழிவாங்கும் பகுதி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. லாவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை என்பது தெரிகிறது. அவர் மனசு முழுக்க அறைகளில் இருக்கிறது.

சான் டே முதலில் ஆசைப்பட்டு நேராக உச்சத்திலுள்ள அறைக்குப் போகிறான். அங்கே சூத்திரம் ஓதும் துறவிகள் மட்டும் இருக்கிறார்கள். அவனால் அங்கே நிற்கக்கூட முடியவில்லை. கீழே வந்து தொடங்குகிறான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் தண்ணீர், அதில் மிதக்கும் கட்டைகள். மற்றவர்கள் மிதித்துத் தாண்டிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள், இவன் விழுகிறான். சமநிலை என்ற பாடத்தைப் பசியைக் கொண்டு கற்பிக்கிறார்கள். இன்னோர் அறையில் நீளமான கம்பின் நுனியைப் பிடித்து மணியை அடிக்க வேண்டும், பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். மற்றோர் அறையில் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓட்டி வெளிச்சத்தைத் தொடர வேண்டும், தலை திரும்பினால் ஊதுபத்தி நெருப்பு சுடும். தொங்கும் மணல் மூட்டைகளைத் தலையால் முட்டிக்கொண்டே போகும் அறையும் உண்டு.

ஒவ்வோர் அறையும் உடம்பின் ஒரு பாகத்தைத் தனியாகப் பிரித்தெடுத்துச் செதுக்குகிறது. கத்தி குத்தும் என்பதால்தான் கை தாழாமல் இருக்கிறது. அந்தத் தாழாத கை பின்னால் சண்டையில் வரும்போது அது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். வேறெந்தச் சண்டைப் படத்திலும் ஒரு குத்துக்கு இவ்வளவு கடந்தகாலம் கிடையாது.

எல்லாம் முடித்த பிறகும் மடத்தின் மூத்த துறவி ஒருவர் இரட்டைக் கத்தியோடு அவனைத் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கிறார். படித்த எதுவும் உதவாத அந்த இடத்தில்தான் மூன்று துண்டுகளைக் கோத்த கம்பை அவனே உருவாக்குகிறான். பிறகு மடத்திடம் அவன் கேட்பது 36-வது அறையை, அதாவது வெளியே உள்ள சாதாரண மக்களுக்கு இந்தக் கலையைச் சொல்லிக்கொடுக்கும் அறையை. மடம் அப்போது அதற்குச் சம்மதிப்பதில்லை. தலைப்பில் இருக்கும் அறை அந்த 35 அறைகளில் ஒன்றல்ல, அவன் உருவாக்க வேண்டியது என்று புரியும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

சாராயக் கடையில் படிப்பு

‘ட்ரங்கன் மாஸ்டர்’ செய்த துணிச்சல் வேறு வகை. க்வான் டாக்-ஹிங் அத்தனை படங்களில் மரியாதைக்குரிய பெரியவராகக் காட்டிய வோங் ஃபெய்-ஹுங்கை வம்புக்காரப் பையனாக்கியது. அப்பாவின் பள்ளியில் அடங்காமல், ஊரில் சண்டை இழுத்து, ஓசியில் சாப்பிட்டு மாட்டிக்கொள்பவன். சோவிடம் தண்டனையாக ஒப்படைக்கப்பட்டு, பயிற்சி தாங்காமல் தப்பி ஓடுகிறான். வழியில் ஒரு கூலிக் கொலைகாரனிடம் மாட்டி, அடிபட்டு, அவமானப்பட்டு, தானாகவே கிழவரிடம் திரும்புகிறான். அந்தக் கொலைகாரனாக வருபவர் கொரியாவின் டேக்வாண்டோ வீரர் ஹ்வாங் ஜாங்-லீ. அவர் கால் உயர்வதைப் பார்த்தாலே இவன் ஏன் பயந்தான் என்று புரிந்துவிடும்.

இங்கே மடம், அறை, ஒழுங்கு எதுவும் கிடையாது. வாத்தியாரே குடிகாரர். விரலுக்குப் பலம் வர வால்நட் கொட்டையைக் கையால் உடைக்கச் சொல்கிறார். எட்டுத் தெய்வங்களின் பெயரில் எட்டு வகைக் குடிகார அசைவுகள். எட்டாவது பெண் தெய்வத்தினுடையது என்பதால் அதைப் படிக்க வெட்கப்பட்டு ஏமாற்றிவிடுகிறான் பையன். கடைசிச் சண்டையில் ஏழும் தீர்ந்த பிறகு அந்த எட்டாவதுதான் தேவைப்படுகிறது. அந்த நிமிடத்தில் அதைத் தானே இட்டுக்கட்டுகிறான். இடுப்பை ஒடித்து, நாணி, கொஞ்சி, நடுவில் அடி விழுகிறது. எதிராளிக்கு எதைத் தடுப்பதென்றே தெரியவில்லை. நகைச்சுவையும் சண்டையும் ஒரே அசைவாக ஆகிவிடுகின்றன.

கண்ணுக்கு

ஷா பிரதர்ஸ் படமாதலால் ‘36த் சேம்பர்’ பெரும்பாலும் கிளியர்வாட்டர் பே ஸ்டுடியோ செட்டுகளில் நடக்கிறது. அகலத் திரை, அடர்ந்த நிறங்கள், சட்டென்று பாயும் ஜூம். செட் என்று தெரியத்தான் செய்யும், மடத்தின் ஒழுங்குக்கு அது பொருந்திவிடுகிறது. ‘ட்ரங்கன் மாஸ்டர்’ சின்னக் கம்பெனிப் படம். வெட்டவெளி, புழுதி, கடைத்தெரு. எதில் பணம் தெரிகிறது என்றால் முதலாவதில், எதில் வெயில் தெரிகிறது என்றால் இரண்டாவதில். பொதுவான நல்ல குணம் ஒன்று உண்டு: தலை முதல் பாதம் வரை முழு உருவமும் தெரியும்படி கேமரா தள்ளி நிற்கிறது, ஒரே ஷாட்டில் பத்துப் பன்னிரண்டு அடி தடுப்புகள் ஓடுகின்றன. இன்றைய சண்டைகளில் கண் சிமிட்டுவதற்குள் மூன்று கட். அங்கே யார் யாரை அடித்தார் என்பதை நாம் சத்தத்தை வைத்து ஊகிக்கிறோம். பழைய படங்கள் இன்னும் இழுப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன்.

குறைகளும் உண்டு. ‘36த் சேம்பர்’ முதல் அரைமணி நேரம் மெதுவாக நகரும், பெண்களுக்கு அதில் இடமே இல்லை. ‘ட்ரங்கன் மாஸ்ட’ரில் அத்தையாக வருபவர் பையனை நன்றாகப் பின்னியெடுக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. ஆனால் சில கேலிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. குங்ஃபூவில் பெண்ணை நடுவில் நிறுத்திய படம் வேண்டுமானால் லாவின் ‘மை யங் ஆன்டி’ (1981) பாருங்கள். அதில் நடித்த காரா ஹுய் முதலாவது ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார்.

என் தீர்ப்பு

வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்தால், அல்லது இந்த வகைப் படமே பார்த்திராத நண்பரோடு என்றால், ‘ட்ரங்கன் மாஸ்டர்’. இடையில் எழுந்து போக மாட்டார்கள். நீங்கள் தனியாகப் பார்ப்பதென்றால், அதிலும் எதையாவது கற்றுக்கொண்டு பாதியில் மனம் தளர்ந்திருக்கும் நேரமென்றால், ‘36த் சேம்பர்’. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் தயங்காமல் எடுப்பது இதைத்தான். ஜாக்கியின் பையன் ஓர் எதிரியை வெல்லப் படிக்கிறான். சான் டே படித்து முடிக்கும்போது எதிரி சின்னவனாகி, சொல்லிக்கொடுப்பது பெரிதாகிவிடுகிறது.

1994-இல் ‘ட்ரங்கன் மாஸ்டர் 2’ வந்தது. நாயகன் ஜாக்கி, இயக்கம் லாவ் கார்-லியங். நின்றிருக்கும் ரயிலுக்கு அடியில், நிமிரக்கூட முடியாத இடுக்கில், அறுபதை ஒட்டிய வயதில் லாவே ஜாக்கியோடு ஆயுதமெடுத்து மோதுகிறார். சண்டை எப்படி இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகாமல் லாவ் விலகிக்கொள்ள, இறுதிச் சண்டையை ஜாக்கி எடுத்து முடித்தார். இந்த இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு அதைப் பாருங்கள். எந்த அடி எந்த வீட்டுப் பாடம் என்று உங்கள் கண்ணே பிரித்துச் சொல்லிவிடும்.