மூன்று நாளில் சிகரட் மறக்கும் என்றார்கள், 30,500 ரூபா போனது

திருகோணமலை சந்தைப் பக்கம் ஒரு மாடி அறை. வாசலில் "மூன்று நாளில் சிகரட் மறக்கும், உத்தரவாதம்" என்று பலகை. எனக்கு இருபது வருசப் பழக்கம். மகள் பக்கத்தில் வந்தாலே மூக்கைப் பொத்துகிறாள். 18,500 ரூபா கட்டினேன், பற்றுச்சீட்டு கேட்கவில்லை.

காது மடலில் கடுகளவு மணி இரண்டை பிளாஸ்டரால் ஒட்டினார்கள். அப்புறம் பெயர் ஒட்டாத போத்தலில் கராம்பு மணக்கும் ஒரு தண்ணி. மணிகள் மறுநாளே உப்புவெளிக் கடலில் குளிக்கும்போது கழன்று போயின.

மூன்றாம் நாள் தூக்கமில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல், வீட்டில் எல்லாரோடும் சண்டை. அந்த அறைக்காரருக்குப் போன் எடுத்தேன். "நஞ்சு கழருது தம்பி, பயப்படாதீங்கோ, இன்னொரு கோர்ஸ் எடுத்தால் சரி." அதற்கு 12,000. அதையும் கொடுத்தேன். ஆறாம் நாள் இரவு பெட்டிக்கடையில் நின்று புகைத்தேன். காசைத் திருப்பிக் கேட்டபோது, "உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்றார்கள். எனக்கு அதுதான் அதிகம் நொந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் விளங்கப்படுத்தினார். நஞ்சு கழருவது எல்லாம் இல்லை. நிக்கோட்டின் கிடைக்காத தவிப்பு முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்குப் போகும், தணிய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். இரண்டாவது கோர்ஸை அவர்கள் விற்றது சரியாக அந்த நேரத்தில். காதில் மணி ஒட்டுவது, லேசர் அடிப்பது இரண்டுக்கும் உறுதியான சான்று கிடையாது.

எந்த உதவியும் இல்லாமல் தனியே விடுபவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதத்துக்கு மேல் தாக்குப் பிடிக்கிறார்களாம். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டியோ நிக்கோட்டின் சுவிங்கமோ அந்த வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கும். தனிப் பட்டியை விட, பட்டியோடு சுவிங்கமும் சேர்ந்தால் மேல். புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வெரனிக்லின் மாத்திரையும் தனிப் பட்டியை விடக் கூடப் பலன் தரும், ஆனால் டொக்டர் எழுதித் தரவேண்டும். எதை எடுத்தாலும் ஆலோசனையும் கூட இருந்தால் இன்னும் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இவை இருக்கின்றன.

எனக்குப் பட்டியும் சுவிங்கமும். சுவிங்கத்தைச் சும்மா மென்று தள்ளக்கூடாது, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கவேண்டும். இன்றைக்கு ஒன்பதாவது கிழமை.

விட நினைப்பவர்கள் அந்த மாடிப்படி ஏறமுன் 1948க்கு அழையுங்கள். புகைத்தலைக் கைவிட உதவும் அரச தொலைபேசிச் சேவை அது.