ஒரு யூனிட்டா, பத்து யூனிட்டா?

"குழந்தை வெளியே வந்துவிட்டது டாக்டர், பத்து யூனிட் ஆக்ஸிடோசின் ஏற்றிவிடட்டுமா?" கடலூரிலும் புதுச்சேரியிலும் மயக்க மருந்து கொடுக்கும் எனக்கு, ஆபரேஷன் தியேட்டரில் சிஸ்டர்கள் கேட்கும் இந்தக் கேள்வி காதில் விழாத நாள் குறைவு. நாள், நட்சத்திரம் பார்த்துக் குறித்த சிசேரியன் என்றால் என் பதில், வேண்டாம்.

ஆக்ஸிடோசின் கர்ப்பப்பையைச் சுருக்கி, பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும். கூடவே ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். முதுகில் போட்ட ஊசியால் ஏற்கெனவே இறங்கிய ரத்த அழுத்தம் இன்னும் சரியும். இதயம் படபடக்கும், குமட்டும், சிலருக்கு நெஞ்சு இறுக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 10 யூனிட், தசையிலோ நரம்பிலோ கொடுக்கும் மொத்த அளவு. அதை ஒரே மூச்சில் நரம்பில் தள்ளச் சொல்லவில்லை.

உண்மையில் எவ்வளவு போதும்? பிரசவ வலி வராத கர்ப்பப்பை இந்த மருந்தை அதிகம் பார்த்திராதது. சிறு துளிக்கே இறுகும். 2004-இல் வெளியான கனடா ஆய்வின் கணக்குப்படி, அத்தகைய பெண்களில் 90 சதவீதத்தினருக்கு 0.35 யூனிட்டே போதும். பத்து யூனிட் அதைப்போல ஏறத்தாழ முப்பது மடங்கு! பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் டிரிப் பல மணி நேரம் ஓடியபின் சிசேரியனுக்கு வருபவர்களுக்கோ சுமார் 3 யூனிட் தேவைப்பட்டது. அவர்களின் கர்ப்பப்பைக்கு மருந்து பழகி, உணர்ச்சி மங்கியிருக்கும்.

2019-இல் பன்னாட்டு நிபுணர்கள் வகுத்த வழிதான் என் கை பழகிய வழி: நாள் குறித்த சிசேரியன் என்றால் முதலில் 1 யூனிட், பின்பு மணிக்கு 2.5 முதல் 7.5 யூனிட் வரை டிரிப். மருந்தின் வீரியம் சில நிமிடங்களில் பாதியாகிவிடுவதால் டிரிப்பை விட முடியாது. அயர்லாந்தில் 5 யூனிட் ஊசி மட்டும் போட்டவர்களையும், அதோடு 4 மணி நேரத்தில் 40 யூனிட் டிரிப்பும் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். பெரும் ரத்தப்போக்கு குறையவில்லை. வேறு மருந்தைத் தேடும் தேவை குறைந்தது. டிரிப் வீண் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை.

போட்டியாளர், கார்பெடோசின். 100 மைக்ரோகிராம் ஒரே ஊசி, டிரிப் வேண்டாம். ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காக்க வேண்டும். கார்பெடோசினில் வெப்பம் தாங்கும் வகை 30 டிகிரியிலும் கெடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின் பல நாட்கள் மின்சாரமின்றிக் கிடந்த எங்கள் கரைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இதுவும் ரத்த அழுத்தத்தை இறக்கும். டிரிப்பை நிறுத்தலாம், ஏற்றிய ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. குளிர்பெட்டி ஒழுங்காக ஓடும் இடத்தில் நான் ஆக்ஸிடோசின் பக்கம்.

கர்ப்பப்பை அப்படியும் தளர்ந்தே இருந்தால் ஆக்ஸிடோசினையே மேலும் மேலும் குவிக்காமல் வேறு வகை மருந்துக்குத் தாவ வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு மெத்தில்எர்கோமெட்ரின் ஆகாது; ஆஸ்துமா உள்ளவருக்கு கார்போப்ராஸ்ட் ஆகாது. அதனால் இந்த இரண்டு நோயையும் பற்றி, முதுகில் ஊசி போடும் முன்பே கேட்டுவிடுகிறேன்.