ஏரிக்கரை வீட்டுக்கு யூவி ஃபில்டர்: வாங்கலாமா?

காட்டை ஒட்டிய ஏரிக்கரை வீட்டுக்குக் குழந்தைகளோடு குடிபோகிறவர்கள், சாமான் வண்டிக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டியது குடிநீர். ஏரித் தண்ணீரைப் பயன்படுத்துவதானால், வீடு முழுவதற்கும் பொருத்தும் யூவி ஃபில்டர், அதாவது புற ஊதா விளக்கின் ஒளியால் கிருமிகளை அடக்கும் கருவி, நல்ல தேர்வுதான். அதை மட்டும் தனியாக வாங்கிவிடாதீர்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் கிருமிகள் துகள்களின் நிழலில் தப்பிவிடும். ஆகவே முதலில் 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அடுத்து 5 மைக்ரான் வண்டல் ஃபில்டர், கடைசியில்தான் விளக்கு. குளோரினுக்கே அசையாத, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமியையும் இது அடக்கிவிடும் என்பது பெரிய பலம்.

விளக்கை ஏறக்குறைய 9,000 மணி நேரத்தில், அதாவது ஒரு வருடத்தில் மாற்றியே ஆக வேண்டும். நீல வெளிச்சம் தெரிகிறதே என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு. வெளிச்சம் இருக்கும், வீரியம் இருக்காது. விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடி உறையில் உப்பு படிந்தால் வினிகரில் ஊறவைத்துத் துடையுங்கள். கரன்ட் போனால் பாதுகாப்பும் போய்விடும் என்பதால், தண்ணீரைத் தானாக நிறுத்தும் சோலினாய்டு வால்வு உள்ள மாடலே வாங்குங்கள். விளக்கைத் தாண்டிய குழாய்களைக் குடியேறும் முன்பே குளோரின் விட்டுக் கழுவுங்கள், அங்கே யூவி எட்டாது.

ஏரியில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தால் இந்தக் கருவியை நம்பக் கூடாது. அதன் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அந்த நாட்களில் குடிக்கவும் சமைக்கவும் வெளித் தண்ணீர்தான்.