ரீரோலா, ஃபாஸ்ட் எட்டா? டிஎஃப்டியில் அணி கட்டும் இரண்டு வழிகள்

டீம்ஃபைட் டாக்டிக்ஸ் (டிஎஃப்டி) என்ற வீடியோ கேமில் சண்டையை நாம் வாங்கி நிறுத்தும் வீரர்களான யூனிட்டுகளே போட்டுக்கொள்ளும். நம் கையில் இருப்பது காசு, யூனிட் விற்கும் கடை, அவற்றை நிறுத்தும் பலகையின் 28 கட்டங்கள், அவ்வளவுதான். சேலம் ஐந்து ரோடு டீக்கடையில் நாலு பேர் ஃபோனோடு உட்கார்ந்தால், லெவல் ஏறாமல் மலிவான யூனிட்டை 3 ஸ்டார் ஆக்கும் ரீரோல் கட்சிக்கும், காசு சேர்த்து 8ஆம் லெவலுக்கு ஓடும் ஃபாஸ்ட் 8 கட்சிக்கும் வாக்குவாதம் வராமல் இருக்காது. டயர் லிஸ்ட்டை (எந்த அணி பலமானது என்ற தரவரிசையை) பார்த்து முதல் சுற்றிலேயே கட்சி சேருகிறவர்தான் பெரும்பாலும் முதலில் வெளியேறுவார். 3-2 சுற்று (மூன்றாம் கட்டத்தின் இரண்டாம் சுற்று) வரும்போது பெஞ்சில் (பலகைக்கு வெளியே யூனிட்டுகள் காத்திருக்கும் இடத்தில்) என்ன கிடக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. கையில் இருக்கும் ஒவ்வொரு 10 கோல்டுக்கும் 1 வட்டி, அதிகபட்சம் 5. கடையைப் புதுப்பிக்க, அதாவது உருட்ட, 2 கோல்டு. 4 கோல்டுக்கு 4 எக்ஸ்பி (லெவல் ஏற்றும் புள்ளி). ஒரே யூனிட் மூன்று சேர்ந்தால் 2 ஸ்டார், ஒன்பது சேர்ந்தால் 3 ஸ்டார்.

ரீரோல்

1 கோல்டு யூனிட் என்றால் லெவல் 5, 2 கோல்டு என்றால் 6, 3 கோல்டு என்றால் 7. அங்கே நின்று, 50ஐத் தொடாமல், மேலே வழிகிற காசை மட்டும் உருட்ட வேண்டும். லெவல் 5இல் ஒவ்வொரு கடை இடத்திலும் 1 கோல்டு யூனிட் வர 45 சதவீத வாய்ப்பு. அந்த விலையில் சுமார் 13 வகை உண்டு. ஐந்து இடங்களுக்கும் கணக்குப் போட்டால், தேடுகிற யூனிட் ஒன்று கிடைக்க ஏறக்குறைய 12 கோல்டு உருட்ட வேண்டும். ஆகவே 3-2இல் அந்த யூனிட் ஐந்தாறு கையில் இருந்தால் தொடரலாம். மூன்றுதான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். மீதி ஆறுக்கு 70 கோல்டு கரையும், அதற்குள் எதிராளிகள் 8க்குப் போயிருப்பார்கள்.

இன்னொரு சிக்கல், எட்டுப் பேருக்கும் பொதுவான ஒரே குவியலிலிருந்துதான் யூனிட்டுகள் வருகின்றன. அதே யூனிட்டை வேறொருவரும் துரத்தினால் இருவருக்குமே ஒன்பது சேராமல் போகலாம். அடுத்தவர் பலகையை எட்டிப் பார்க்காமல் உருட்டுவது காசைக் கிணற்றில் போடுவது மாதிரி.

ஃபாஸ்ட் 8

வழக்கமான ஓட்டம் இப்படி இருக்கும்: 2-1இல் லெவல் 4, 2-5இல் 5, 3-2இல் 6, 3-5இல் 7, 4-2இல் 8. காசு போதவில்லையென்றால் 8ஐ 4-5க்குத் தள்ளலாம். 5லிருந்து 6க்கு 20 எக்ஸ்பி, 6லிருந்து 7க்கு 36. அதற்கு மேலே சீசனுக்குச் சீசன் மாறும்.

பலர் சறுக்குவது 8ஐத் தொட்ட பிறகுதான். கையில் 30 கோல்டு மிச்சம் என்று வையுங்கள். 15 கடைகள், 75 இடங்கள். 4 கோல்டு யூனிட் ஐந்தில் ஒரு இடத்தில் வந்தால் மொத்தம் 15. அவை 12 வகையாகப் பிரிந்தால், குறிப்பிட்ட ஒரு கேரி (அணியின் முக்கிய அடி கொடுக்கும் யூனிட்) கிடைப்பது சராசரியாக ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். 2 ஸ்டாருக்கு மூன்று வேண்டுமே! ஒரே கேரியை நம்பிக் காத்திருக்காமல், ஒரே பொருட்களை (யூனிட்டுக்கு மாட்டும் ஆயுதம், கவசம்) போடக்கூடிய இரண்டு மூன்று பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஃபினிட்டி எட்ஜும் (பி.எஃப். வாள், ஸ்பேரிங் க்ளவ்ஸ்) லாஸ்ட் விஸ்பரும் (வில், ஸ்பேரிங் க்ளவ்ஸ்) கையில் இருந்தால், அடி அடிக்கும் எந்த கேரி முதலில் ஜோடி சேருகிறாரோ அவருக்கே கொடுங்கள். அதுவரை மலிவான ஒரு யூனிட்டில் மாட்டி வையுங்கள். அதை விற்றால் பொருட்கள் திரும்ப வந்துவிடும்.

ஆட்டத்தில் உங்கள் உயிர்ப் புள்ளி 40க்குக் கீழே இருக்கும்போது ஃபாஸ்ட் 8 ஆசை வேண்டாம். லெவல் 7லேயே உருட்டி, கிடைத்த 2 ஸ்டார்களோடு அணியைத் திடப்படுத்துங்கள்.

எங்கே விளையாடுகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். ஃபாஸ்ட் 8க்கு ஒரே சுற்றில், அரை நிமிடத்துக்குள், பதினைந்து கடைகளைப் புரட்டி வாங்கி, விற்று, அடுக்க வேண்டும். ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்த அரை நிமிடத்தில் சிக்னல் போனால் ஆட்டம் போச்சு. ரீரோலில் உருட்டல் பல சுற்றுகளுக்குப் பரவியிருப்பதால், ஒரு சுற்று தவறினால் ஒரு சுற்றுதான் நட்டம். மலை ஏறுகிறவர்கள் ரீரோல் ஆடட்டும்; வீட்டு வைஃபையில் இருப்பவர்கள் 8க்கு ஓடட்டும்.

இரண்டு வழியிலும் பலர் கவனிக்காமல் விடுவது முன்வரிசை. தட்டுவடை செட்டில் கீழ்த் தட்டை நமத்துப்போயிருந்தால், மேலே எவ்வளவு நல்ல சட்னி தடவினாலும் கையிலேயே உடையும். கேரிக்கு மூன்று பொருள் கொடுத்துவிட்டு டாங்கை (முன்வரிசையில் அடி தாங்கும் யூனிட்டை) வெறுங்கையோடு நிறுத்தினால் அதே கதிதான். நான்காவது, ஐந்தாவது பொருட்களை வார்மாக் (இரண்டு பெல்ட்) அல்லது கார்காயில் (செயின் வெஸ்ட், நெகட்ரான் க்ளோக்) ஆக்கி ஒரே டாங்குக்குக் கொடுங்கள். மூன்று பேருக்குப் பிரித்தால் யாருமே நிற்க மாட்டார்கள். ரீரோல் அணியில் 3 ஸ்டார் டாங்க் இருந்தால், கேரி இன்னும் 2 ஸ்டாராக இருந்தாலும் ஆட்டத்தின் நான்காம் கட்டத்தை (4-1 முதல் தொடங்கும் சுற்றுகளை) தாண்டிவிடலாம்.